கல்யாணிக்குத் தலைப்பிரசவம்

மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன், முறத்தில் உரித்தது ஒரு குவியல், மடியில் உரிக்காதது ஒரு குவியல், என் மகள் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து தோலை அள்ளி ஊதிப் பறக்கவிட்டு, பறந்தது தன் தலையிலேயே வந்து விழுந்ததும் கைதட்டிக்கொள்கிறாள், நகக்கண் எரிகிறது, எரிந்தால் எரியட்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்காமல் எந்த வீட்டில் விட்டிருக்கிறார்கள், அதுவும் இவள் உடம்புக்கு இந்த ஒரு முறம் எந்த மூலைக்கு, பதினாலு சக்கரம் இருக்கிறது அவளுக்கு.

கல்யாணி ஒரு லாரி. எங்கள் பட்டறையில் கட்டின லாரி, அதனால் எங்கள் வீட்டுப் பெண். நான்தான் அவளுக்கு அம்மா. எனக்கு இருபத்துநாலு வயசு, இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் பாட்டி ஆகிவிடுவேன் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்.

நாமக்கல் பக்கம் பைபாஸை ஒட்டி வரிசையாக இருக்கிற பட்டறைகளில் எங்களுடையதும் ஒன்று, எல்லாமே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள், கம்பெனியிலிருந்து லாரி வெறும் இன்ஜினும் சட்டமுமாக, முகம்கூட இல்லாமல், தலையில் துண்டைச் சுற்றின டிரைவர் எதிர்க்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டிவர, எங்களிடம் வந்த பிறகுதான் அதற்கு முகமும் முதுகும் வயிறும் நிறமும் நெற்றிப் பொட்டும் வரும். மரமும் தகரமும் என் வீட்டுக்காரர் வேலை. சீட்டும் திரையும் தைப்பது நான்.

அப்படி இருக்கையில்தான் போன வருஷம் ஆனியில் டிவிக்காரர்கள் வந்தார்கள். ‘வண்டின்னா வண்டி’ என்று ஒரு நிகழ்ச்சி, ஊர் ஊராக வண்டி கட்டுகிறவர்களைப் பிடித்து, இதுவரை யாரும் பார்த்திராத, பார்த்தால் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு வண்டி கட்டச் சொல்வது, ஆணி அடிப்பது முதல் விரலில் அடித்துக்கொண்டு கத்துவது வரை படம் பிடிப்பது, கடைசியில் சித்திரை ஒண்ணாம் தேதி சென்னையில் மேடை போட்டு எது ஜெயித்தது என்று சொல்வது. தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருந்த டைரக்டர் நிரஞ்சன் சார் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இன்ஜினும் சட்டமும் நிகழ்ச்சி நடத்துகிற கம்பெனி கொடுக்கும், சித்திரை ஒண்ணு அன்றைக்கு வண்டி மேடையில் இருந்தால் வண்டி உங்களுடையது, இல்லாவிட்டால் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும்.

“மேடைக்கு ஓட்டிட்டு வர்றதெல்லாம் ஒரு வேலைங்களா சார்” என்று சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

அவர் கட்டினது கல்யாண மண்டப லாரி. ரோட்டில் போகிறபோது சாதாரண லாரி மாதிரிதான் இருக்கும், நிறுத்தி ஒரு கம்பியை இழுத்தால் ஒரு பக்கத்துப் பலகை இறங்கி மேடையாகும், மேடைமேல் மணவறை தாமரை மாதிரி விரியும், மறுபக்கம் பந்தி மேசை நீளும், கூரையிலிருந்து சீரியல் பல்பு தொங்கும், பின்னால் அடுப்பு, டிரைவர் முதுகுக்குப் பின்னால் பெண்ணுக்கு ஓர் அறை. அந்த அறை மெத்தைக்குத் துணி பற்றாமல் போனபோது பாப்பாவுக்குத் தூளி கட்டின சேலையை நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன், அதுதான் காரணம் என்று பிறகு சிலர் சொன்னார்கள், எனக்குத் தெரியாது, காரணம் தேட யாருக்கும் நேரமும் இல்லை.

மண்டபம் என்றால் அதில் ஒரு கல்யாணம் நடந்தால்தானே படம் பிடிக்க முடியும். மாசமோ ஆடி. ஆடியில் யார் வீட்டில் கல்யாணம் வைப்பார்கள்? பெண்ணாக நடிக்க வேண்டிய பிள்ளையும் சென்னையிலிருந்து வந்து சேரவில்லை. நாதஸ்வரக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அட்சதை கலந்தாயிற்று, நிரஞ்சன் சார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, “தாலி கட்டற ஒரு ஷாட் போதும், யாருக்காவது கட்டுங்கப்பா” என்று கெஞ்சினார். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் மறைந்தார்கள்.

“வண்டிக்கே கட்டிரலாங்க சார்” என்றார் என் வீட்டுக்காரர். “எலுமிச்சம்பழம் கட்டறோம், மஞ்சக்கயிறு கட்டக்கூடாதா?”

மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு தயாராகிவிட்டது, ஆனால் சைடு கண்ணாடியின் கம்பி உயரத்தில் இருந்தது, ஏணியில் ஏறிக் கட்டினால் படத்துக்கு நன்றாக இருக்காது என்றார்கள், உடனே பக்கத்துப் பட்டறை பழனிமுத்து அண்ணன் தன் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தினார், கிரேனின் கொக்கி கயிற்றைத் தூக்கிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, கூச்சப்படுகிற மாப்பிள்ளை கை மாதிரி ஆடி ஆடிப் போய்க் கண்ணாடிக் கம்பியில் மாட்டியது, கெட்டிமேளம் கொட்டினார்கள், எல்லோரும் அட்சதை போட்டோம். பெண்ணின் அப்பா அம்மா தாரை வார்க்க வேண்டும் என்று நிரஞ்சன் சார் சொன்னதால் நாங்கள் இரண்டு பேரும் சொம்பைப் பிடித்துத் தண்ணீர் விட்டோம். கேமராவைப் பார்த்ததும் எனக்குக் கழுத்து நிமிரவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் என் கை மட்டும்தான் வந்தது.

டீ கொண்டுவந்த என் மாமியார் கண்ணாடியில் தொங்கிய கயிற்றைப் பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டார். “அடப் பாவிகளா! ஆடியிலயாடா தாலி கட்டுவாங்க? சித்திரை வெயில்ல புள்ளை பொறந்தா தாயும் தாங்காது, புள்ளையும் தாங்காதேடா!”

“லாரிக்கு என்னம்மா புள்ளை?” என்று அவர் மகன் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

ஆவணி பிறந்ததும் கல்யாணி காலையில் எழுந்தவுடன் வாந்தி எடுத்தாள். போட்ட டீசலை அப்படியே கக்கினாள். சாயந்திரம் போட்டால் தங்கும், காலையில் தங்காது. மாங்காய் லாரி ஒன்று ரோட்டில் போனபோது ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் அந்தப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்தாள். மெக்கானிக் ஜாபர் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “பம்பு சரி, பில்டர் சரி, நாசில் சரி. இது ரிப்பேர் இல்ல தங்கச்சி, மசக்கை” என்றார். அவருக்கு மூன்று பெண்கள், மசக்கை தெரியாதவர் இல்லை.

பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வருகிற எஸ்தர் நர்சம்மா டீசல் டேங்குக்குப் பக்கத்தில், சட்டத்துக்கு அடியில் குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

“பெரிய துடிப்புக்குள்ள சின்னதா ஒரு துடிப்பு இருக்குது. ஐட்லிங்ல ஓடற மாதிரி. நல்லா இருக்குது. வெயிட் ஏத்தாதீங்க, மேட்டுல ஏத்தாதீங்க, மதியம் தூங்க விடுங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் யாரும் எப்படி என்று கேட்கவில்லை, என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார்கள். பெயிண்டர் வந்து பின்பலகையில் இருந்த ‘ஹாரன் அடிக்கவும்’ என்பதை அழித்துவிட்டு ‘ஹாரன் அடிக்காதீர்கள், தூங்குகிறாள்’ என்று பூப்போட்டு எழுதினார், பைபாஸில் போகிற லாரிகள் எங்கள் வரிசை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் மாதிரி சத்தமில்லாமல் போயின, டயர் கடைக்காரர் தினமும் வந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்து “பாதம் வீங்கியிருக்குது” என்று கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார், முட்டை லாரி டிரைவர்கள் ஆளுக்கு ஓர் அட்டை முட்டையை அவள் முன்சக்கரத்தின் அருகில் வைத்துவிட்டுப் போனார்கள், மார்கழியில் கிரகணம் பிடித்த அன்று வரிசையிலிருந்த தார்ப்பாயையெல்லாம் கொண்டுவந்து நிலா வெளிச்சம் ஒரு பொட்டு படாமல் மூடினோம், அன்றைக்கு எந்தப் பட்டறையிலும் தகரம் வெட்டவில்லை.

சண்டை என்று வந்தது ஒன்றே ஒன்றுதான், அது சம்பந்தி சண்டை. அதுவரை என் வீட்டுக்காரரை “டேய் மாப்ளே, டீ சொல்லுடா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பழனிமுத்து அண்ணன், விஷயம் தெரிந்த மறுநாளே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“சக்கரை பத்தலீங்க சம்பந்தி. எங்கூட்டுப் பழக்கமே வேற.”

“உங்கூட்டு டீயும் எங்கூட்டு டீயும் ஒரே கடையில இருந்துதானுங்க வருது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது வேற. தாலி கட்டுனது எங்க வண்டி. கட்டிக் குடுத்த பொண்ணை எத்தன நாளுதான் அம்மா ஊட்டுலயே வெச்சிருப்பீங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

நியாயம்தான். நல்ல நாள் பார்த்து அவளைப் பக்கத்துப் பட்டறைக்கு, நடுவில் ஒரு வேலிதான், ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம், திரும்பி வருகையில் எனக்கு அழுகை வந்தது, வேலிக்கு மேலே அவள் நெற்றிப் பொட்டு தெரிந்துகொண்டுதான் இருந்தது, இருந்தாலும் அழுகை வந்தது. கிரேன் மாப்பிள்ளை பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் சாய்கிற பக்கமெல்லாம் கையை நீட்டி அவள்மேல் நிழல் விழுகிற மாதிரி நிற்பான்.

மாசியில் கட்டுச்சோறு கட்டினோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று அண்டா அண்டாவாகக் கிளறி, ஊரே வேலி தாண்டிப் போய், வெல்டிங் கடைக்காரர் பித்தளைக் கம்பியில் அடித்துக் கொடுத்த வளையல்களை இரண்டு சைடு கண்ணாடியிலும் அடுக்கி, கன்னம் என்று நாங்கள் நினைத்த இடத்தில் சந்தனம் பூசி, பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வருகிறபோது வளையல் குலுங்கியது, உள்ளே இருந்து யாரோ பதிலுக்குக் குட்டியாக ஒரு ஹாரன் அடித்தார்கள். பழனிமுத்து அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனையும் டிவியில் வந்தது. ஊர் பார்த்தது, உலகம் பார்த்தது. நான் மட்டும் கேமரா வருகிற பக்கமெல்லாம் பின்பலகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பங்குனி கடைசியில் நிரஞ்சன் சார் நீளமான டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

“சென்னைக்குக் கிளம்பணும். ஓட்ட வேண்டாம், மேல ஏத்திப் படுக்க வெச்சே கொண்டுபோறோம். மேடையிலயே பிரசவம் ஆச்சுன்னா இந்த நாடே பார்க்கும்!”

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. “இடுப்பு வலி எப்ப வேணா வருங்க சார். பாதி வழியில, டோல்கேட்டுல வந்துட்டா?”

“நிபந்தனை நான் போட்டதில்லைங்க, கம்பெனி போட்டது. சித்திரை ஒண்ணு அன்னிக்கு வண்டி மேடையில இல்லன்னா அவங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. அம்மாவையும் புள்ளையையும் சேர்த்து.”

வேலிக்கு அந்தப் பக்கம் கிரேனின் கொக்கி காற்றில்லாமலேயே ஆடியது. டிரெய்லரின் சாய்பலகையை இறக்கி, இரும்புச் சங்கிலியைக் கல்யாணியின் முன்பக்கம் மாட்டக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, “கையெழுத்துப் போட்டுட்டேனே கோதை” என்றார்.

எனக்கு எப்படிக் கால் போயிற்று என்று தெரியவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே போய், தாலி தொங்கிய கண்ணாடிக் கம்பிக்குக் கீழே நின்றேன். கேமரா திரும்பியது. அதன்மேல் சிவப்பு விளக்கு எரிந்தது, நேரடி ஒளிபரப்பாம், அது எனக்கு அப்போது தெரியாது, தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

“சார், உங்களுக்கு அக்கா இருக்காங்களா?”

நிரஞ்சன் சார் விழித்தார். “இருக்காங்க.”

“அவங்களுக்குத் தலைப்பிரசவம் எங்கீங்க?”

“எங்க வீட்டுலதான். எங்க அம்மாதான் பார்த்தாங்க.”

“எம் பொண்ணுக்கும் அம்மா ஊடு இதுதானுங்க சார். தாரை வார்த்துக் குடுத்தது இந்தக் கை. நீங்கதான் படம் புடிச்சீங்க. தலைப்பிரசவத்துக்கு வந்தவளைச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போறது எந்த ஊரு வழக்கம்ங்க?”

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அசடு வழிந்து, காதில் வைத்தார். அவர் அம்மாவின் குரல் ஸ்பீக்கர் போடாமலேயே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“நிரஞ்சா! டிவியிலதான் பார்த்துட்டிருக்கேன். புள்ளத்தாச்சியை ரோட்டுல போட்டு இழுக்கப் போறியா நீ? உன்னைப் பெத்தப்ப என்னை ஒருத்தர் மேடையில ஏத்துனாங்களா? அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு. மொதல்ல தொப்பியை நேராப் போடு!”

தொப்பியை நேராகப் போட்டுக்கொண்டார். “சரிம்மா. சரிம்மா.” பிறகு என்னிடம், ரொம்பச் சின்னப் பையன் மாதிரி, “எனக்குப் புரியுதுங்க. ஆனா கம்பெனிக்கு நான் என்ன சொல்றது? மேடைன்னு எழுதியிருக்கே” என்றார்.

“மேடைன்னுதான எழுதியிருக்குது? சென்னைன்னு எழுதியிருக்குதுங்களா?”

அவர் பேப்பரை எடுத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். மேடை என்றுதான் இருந்தது.

“மேடை அவகிட்டயே இருக்குதுங்களே சார்” என்றேன். “கம்பியை இழுத்தா இறங்கப்போகுது.”

ஜாபர் அண்ணன் விசிலடித்தார் பாருங்கள், வரிசையிலிருந்த எல்லாப் பட்டறையிலும் தகரத்தைத் தட்டினார்கள், பழனிமுத்து அண்ணன் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து, வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்ததைக்கூடக் கவனிக்காமல், என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, “டேய் மாப்ளே, டீ சொல்லுடா!” என்றார். சங்கிலி கீழே விழுந்தது. கல்யாணி மூச்சு விட்டாள், ஏர் பிரேக் இறங்குகிற அந்த நீளமான மூச்சு.

போட்டி அப்படியே இங்கே வந்துவிட்டது. நேற்று முழுக்க வண்டிகள் வந்துகொண்டே இருந்தன, கோயம்புத்தூரிலிருந்து ஓட ஓட மாவு ஆட்டுகிற கிரைண்டர் கார் வந்தது, வருகிற வழியிலேயே உளுந்தை ஆட்டிப் பொங்கப் பொங்கக் கொண்டுவந்து இறக்கியது, தூத்துக்குடியிலிருந்து ரோட்டிலும் போகிற படகு கருவாடு ஏற்றி வந்தது, பிள்ளை பெற்றவளுக்குக் கருவாட்டுக் குழம்பு நல்லதாமே என்றார்கள், மதுரையிலிருந்து மல்லிகை மொட்டு மாதிரி ஓர் ஆட்டோ, அது நின்ற இடத்தில் இதழ் இதழாகத் திறந்தது, எல்லாம் போட்டிக்கு வந்த வண்டிகள், ஆனால் எல்லாமே சீர்த்தட்டோடுதான் வந்தன, மார்க் போட வந்தவர்கள் மார்க் போடுவதை விட்டுவிட்டுப் பந்தியில் தண்ணீர் வைக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் வருஷப் பிறப்புக்குக் கனி பார்த்த கையோடு மேடையை மெதுவாக இறக்கினோம். கல்யாணி மேடையில் இருக்கிறாள், மேடை கல்யாணியிடம் இருக்கிறது, யாரும் யாரையும் எங்கேயும் கொண்டுபோக முடியாது. வெயில் ஏறுவதற்குள் வலி எடுத்துவிட்டது. வெயிலைப் பார்த்து என் மாமியார் மட்டும், “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்துக்குச் சக்கரம் ஈரச்சாக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வேலிக்கு மேலே கை நீட்டித் தார்ப்பாயைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அசையவே இல்லை.

என்ன பிள்ளை என்று வெளியே பந்தயம் நடக்கிறது. அப்பா மாதிரி கொக்கி இருக்கும் என்கிறார் பழனிமுத்து அண்ணன். “மூக்கு எங்க பக்கம்தானுங்க” என்கிறார் என் வீட்டுக்காரர். மூணு சக்கரமா நாலு சக்கரமா என்று ஜாபர் அண்ணனுக்கும் நர்சம்மாவுக்கும் வாக்குவாதம். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி எந்த வழியாக ஊற்றுவது என்று நான் கேட்டதற்கு ஜாபர் அண்ணன், “நீ உரி தங்கச்சி, கியர் பாக்ஸுக்கும் நல்லதுதான்” என்றார்.

நேற்று டிவிக்காரர்களில் மைக் பிடித்திருந்த பெண் ஒருத்தி என்னிடம் வந்து, “பாட்டி, பேரப்புள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?” என்று கேட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பின்பலகைக்குப் பின்னால் போகவில்லை, தலையைக் குனியவும் இல்லை, சிரித்துவிட்டு, பிறந்ததும் முதலில் அதன் காதில்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன், வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை, ஆனால் கட்டுச்சோறு அன்று உள்ளே இருந்து அந்தக் குட்டி ஹாரன் அடித்ததே, அப்போதே முடிவு செய்துவிட்டேன், பெண்ணாக இருந்தாலும் சரி, ஆணாக இருந்தாலும் சரி, கொக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அதற்கு நான் வைக்கப்போகிற பேர்

“கோதே! பூண்டைப் போட்டுட்டு ஓடியா அம்மிணி! ஹெட்லைட்டு தெரியுது!”

வந்துட்டேன் அத்தை, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இதோ